கீழ்வரியில் ஆள் இல்லை

சங்குமுனைத் துறைமுகத்தில் கப்பல் வந்து அணையும் நாலாம் தளத்தில், கப்பல் எதுவும் வராத ஒரு மத்தியான வேளையில், ஒரே டிபன் பாக்ஸுக்குள் கைவிட்டுச் சாளைக் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்த இரண்டு சகலைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் கிடக்கிறது என்று, அங்கே புதிதாக நட்டிருந்த பலகை எழுதிக் காட்டியது. மேல்வரியில் அரை மீட்டர் என்றது. கீழ்வரியில் இருநூறு மீட்டருக்கும் மேலே ஒரு கணக்கைச் சொன்னது. கிரேன் ஓட்டும் இசக்கிமுத்துவும், அவனோடு அக்கா தங்கையைக் கட்டி, ஒரே காம்பவுண்டில் குடியிருந்து, ஒரே பைக்கில் வேலைக்கு வந்துபோகும் சுடலையாண்டியும் அண்ணாந்து பார்த்து, மெஷினுக்கு வெயில் ஏறிவிட்டதுபோல என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இடம் மாறி உட்கார்ந்தார்கள். எண்களும் கூடவே இடம் மாறி உட்கார்ந்தன. மறுபடி மாறினார்கள், மறுபடி மாறின; சுடலையாண்டி உட்கார்ந்த பக்கமெல்லாம் இருநூறு போய் விழுந்தது. இசக்கிமுத்து சிரிப்பதை நிறுத்தினான்.

“ஏல, நீ எங்கல இருக்க?” என்று கேட்டான்.

சுடலையாண்டியின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. இசக்கிமுத்து கிரேனுக்குள் தூங்குகிறான் என்று மேலதிகாரியிடம் போய்ப் போய்ச் சொன்னது தான்தான் என்று, அதை யாரும் கேட்காமலே அவன் வாய் சொல்லிவிட்டது. சொன்னவனும் அதிர்ந்தான், கேட்டவனும் அதிர்ந்தான். காலையில் ஒரே பைக்கில் வந்தவர்கள் சாயங்காலம் ஒருவர் பைக்கிலும் ஒருவர் நடந்துமாகப் போனதைப் பார்த்து, சங்குமுனை முதல் தடவையாகத் திடுக்கிட்டது.

அந்தப் பலகையை நட்டது மனுசருக்காக இல்லை, கப்பலுக்காக. ஒரு கப்பலைக் கரையில் சேர்ப்பதென்பது லாரியைக் கொண்டுவந்து குடோன் வாசலில் நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை. ஒரு தெருவையே வீடு வாசலோடு பெயர்த்துக் கொண்டுவந்து இன்னொரு தெருவோடு ஒட்டவைக்கிற வேலை அது. பிரேக் கிடையாது. எறும்பு ஊர்கிற வேகத்துக்குமேல் கொஞ்சம் போனாலும் கரையோரத்து ரப்பர் மெத்தை பிய்யும், அதற்கும் மேலே போனால் காங்கிரீட்டே வெடிக்கும். போன மழைக்காலத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்த வேகத்தில் மூன்றாம் தளத்தைப் பிளந்து போட்டது. அதற்குப் பிறகுதான் கரை விளிம்பில் பெட்டிக்கொரு கண் வைத்த இரண்டு பெட்டிகளை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி அவற்றிலிருந்து போய்க் கப்பலின் பக்கவாட்டில் பட்டுத் திரும்பும். கப்பலின் மூக்கு கரைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பனைமர உயரப் பலகையின் மேல்வரி சொல்லும், வால் எவ்வளவு என்று கீழ்வரி சொல்லும். வேகம் அளவாக இருந்தால் பச்சை விளக்கு, கூடினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு.

இதை வைத்தே ஆகவேண்டும் என்று அதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றவர் பைலட் ரெமிஜியுஸ் மொத்தா. பைலட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம்; துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பலுக்குச் சின்னப் படகில் போய், கயிற்றேணியில் தொற்றி ஏறி, கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று, இப்படித் திருப்பு, அப்படி நிறுத்து என்று சொல்லிக் கரை சேர்க்கிறவரும் பைலட்தான். ரெமிஜியுஸ் கப்பலைப் பூவை வைக்கிற மாதிரி வைப்பார் என்று ஊரில் பெயர். அவருக்கும் தம்மைப்பற்றி அதே அபிப்பிராயம்தான், ஒரு படி கூடுதலாகவே.

அப்பேர்ப்பட்ட மனுசர் வீட்டில்தான் விளக்கு எரியவில்லை. அவர் மனைவி இமாகுலேட்டுக்கு மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கத்து மார்பை எடுத்து, உயிர் பிழைத்து எழுந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. ஆபரேஷன் நடந்த அன்று ரெமிஜியுஸ் ஒரு கப்பலில் நின்றிருந்தார். மற்ற பைலட்டுக்குக் காய்ச்சல், கப்பலுக்கோ காத்திருக்க நேரமில்லை, யாரும் அதில் குற்றம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் குறை வைக்கவில்லை. வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார், செக்கப்புக்கு மதுரைக்கு அவரே காரோட்டிக்கொண்டு போனார், மாதுளம்பழம் உரித்து டப்பாவில் போட்டு வைத்தார். ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிப்போனார்கள். ராத்திரியில் கப்பல் வந்தால் உன் தூக்கம் கெடும் என்று சொல்லி அவர் ஹாலில் படுத்தார், கப்பல் வராத ராத்திரியிலும் அங்கேயே படுத்தார். அவள் பேச்சு சோறு ஆச்சு, தண்ணி வந்துருச்சு என்று சுருங்கியது. இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடப் போவதாகவும், திரும்பி வருகிற யோசனை இல்லை என்றும், மீன் வாங்கணும் என்று சொல்கிற அதே குரலில் சொல்லியிருந்தாள். ரெமிஜியுஸுக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அவள்தான் விலகிப் போய்விட்டாள், தாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

பலகை மனுசரை அளக்க ஆரம்பித்த நாளிலிருந்து காரணம் தேடினவர்கள் தேடிக் களைத்தார்கள். கம்பெனி அனுப்பிவைத்த இன்ஜினியர், கோயமுத்தூர்ப் பெண் கோகிலவாணி, பெட்டிகளைக் கழற்றினாள், கண்ணைத் துடைத்தாள், வயரை மாற்றினாள், தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டுக் காது சூடேறிப்போனாள். கப்பல் வந்தால் பலகை கப்பலைக் காட்டியது, மயிரிழை பிசகவில்லை. கப்பல் இல்லாத நேரத்தில் இரண்டு பேர் அதன் எதிரில் நின்றால் இரண்டு பேரையும் காட்டியது, அதிலும் மயிரிழை பிசகவில்லை. கழற்றிவிடலாமா என்று துறைமுகச் சேர்மன் கேட்டதற்கு, “பொய் சொன்னா கழட்டிரலாமுங்க சார். உண்மையைச் சொல்றத என்னன்னு எழுதிக் கழட்டறதுங்க?” என்றாள். பதில் தெரியாத அதிகாரிகள் எல்லாரும் செய்வதைத்தான் சேர்மனும் செய்தார், நேரம் ஒதுக்கினார். கப்பல் வருகிற நேரம் கப்பலுக்கு, மிச்ச நேரம் பொதுமக்களுக்கு, இரண்டாம் கேட் வழியாக, செருப்பு போட்டுத்தான் வரவேண்டும்.

ஊரை உலுக்கியது பலகை தூரத்தைக் காட்டியது இல்லை, இரண்டு வரியும் வேறு வேறாக இருந்ததுதான். இங்கிருந்து மார்க்கெட் எவ்வளவோ மார்க்கெட்டிலிருந்து இங்கேயும் அவ்வளவு என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்த ஜனம் அது. இவனிடமிருந்து அவன் ஒரு முழத்திலும், அவனிடமிருந்து இவன் ஒரு மைலிலும் இருக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தபோது வாயடைத்துப் போனது. தினமும் சண்டை போட்டுத் தெருவுக்கே கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்த மிக்கேல் வாஸும் அவர் பெண்சாதியும் வந்து நின்றார்கள், இரண்டு வரியிலும் பூச்சியம் விழுந்து பச்சை எரிந்தது; அந்த அம்மாள், “இந்தக் கெழவனோடயா எனக்கு?” என்று தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தியதில் மாப்பிள்ளை பக்கம் சிவப்பு எரிந்தது. இவ்வளவு வேகமாக வருகிறவன் கட்டினபிறகு எவ்வளவு வேகமாக இடிப்பானோ என்று பெண்ணின் தகப்பன் தாம்பூலத்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பலகை முன்னால் போய் நிற்பது விசுவாசக் குறைவு என்று பூசையில் முழங்கிய பங்குச் சாமியார், அடுத்த வாரமே மணியடிக்கும் கோயில்பிள்ளையோடு வந்து நின்று, பார்த்து, முகம் வெளுத்துத் திரும்பினார்; ‘ஏய்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்று முதல் அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய், இரண்டாம் கேட் வரைக்கும் வந்துவிட்டு, “எனக்குத் தெரியாண்டாம் ராசா, நான் சோத்தத் தின்னுட்டு இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்று கைகூப்பிவிட்டுத் திரும்பினாள்.

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு அதிர்ச்சியாக வந்து, அதிர்ச்சியே பழக்கமாகி, பழக்கம் வழக்கமாயிற்று. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குக் கீழே ‘இருவரும் பச்சை’ என்று அச்சடித்தார்கள். சங்குமுனையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சுகமா என்று கேட்பதை விட்டுவிட்டு, தூரம் எப்படி என்று கேட்டார்கள். இரண்டாம் கேட்டில் டீக்கடை போட்ட பேச்சிமுத்து, உள்ளே போகிறவர்களுக்கு டீயும், வெளியே வருகிறவர்களுக்கு உட்கார ஸ்டூலும் தண்ணீரும் வைத்தான். தண்ணீருக்குத்தான் அதிகம் தேவை இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் திருந்தவே இல்லை. மாமியார் நூறு மீட்டரில், மருமகள் ஒரு மீட்டரில் என்று காட்டினால், கூட வந்த பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து மருமகளைப் பிடித்துக்கொண்டு, நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும் தாயி என்றார்கள். கிட்டத்தில் இருக்கிறவர் கைக்கு எட்டுகிறார், தூரத்தில் இருக்கிறவர் எட்டவில்லை, அவ்வளவுதான் நியாயம். ரெமிஜியுஸுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். “கப்பல் மூக்கு சேந்து வால் வெளிய நிக்கும்போது மூக்கப் போட்டுத் தள்ளுவானா எவனாவது? மூக்க அப்பிடியே பிடிச்சு வச்சிக்கிட்டு வாலத்தான இழுக்கணும். மூக்கத் தள்ளுனா முனைதான் உடையும்” என்று பேச்சிமுத்துவின் கடையில் நின்று கத்துவார். எல்லாரும் சரிதான் சரிதான் என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய் மூக்கையே தள்ளுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இமாகுலேட் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரெமிஜியுஸ் கதவுப்பக்கம் நின்றார். உள்ளே வரவில்லை.

“இமா, நாளைக்குப் போற வழியில ஒரே ஒரு தடவ நாலாம் தளத்துல வந்து நின்னுட்டுப் போ.”

“எதுக்கு?”

“யாரு தூரத்துல இருக்கான்னு பாத்துருவோம். மூணு வருசமா நான் உம்பின்னாலதான் நிக்கேன். நீதான் எங்கயோ போயிட்ட. அது உனக்கே தெரியணும்.”

அவள் ஒரு சேலையை மடித்து முடித்தாள். “தெரிஞ்சா?”

“போர்டு உன்னத் தூரம்னு காட்டுச்சுன்னா நீ போகக்கூடாது. நான் இழுத்துக் கொண்டு வந்துருவேன்.”

“காட்டலன்னா?”

அவர் சிரித்தார். அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. “காட்டலன்னா நானே பெட்டியத் தூக்கிட்டு வந்து கார்ல வைக்கேன், போதுமா?”

“சரி. பேச்சு மாறக்கூடாது” என்றாள். அவள் அவரிடம் அவ்வளவு வார்த்தை பேசி வெகுநாள் ஆகியிருந்தது, அதுவே நல்ல சகுனம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, வெயில் சாயத் தொடங்கிய நேரம் நாலாம் தளத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பைலட் தன் பெண்சாதியோடு வருகிறார் என்றதும் வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். பூப்போல வைக்கிறவர் வீட்டில் என்ன வந்துவிடப் போகிறது, இரண்டு பச்சை எரியும், கைதட்டிவிட்டு நம்ம வேலையைப் பார்ப்போம் என்கிற நினைப்பு. மணப்பாட்டு அக்காளின் மகன் ஓட்டிவந்த கார் கேட்டுக்கு வெளியே நின்றது. பெட்டி இமாகுலேட்டின் காலடியில் இருந்தது. கோகிலவாணி இரண்டு பேரையும் கோட்டில் நிறுத்தி, “அம்மா மேல்வரிங்க, சார் கீழ்வரிங்க. மூச்சைப் பிடிக்க வேண்டாம், சும்மா நில்லுங்க” என்றாள்.

மேல்வரி எழுதியது: ஒன்றே கால் மீட்டர். வேகம், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்ல, ஆனால் அவரைப் பார்த்து வருகிற வேகம். பச்சை.

ரெமிஜியுஸின் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது. இவளா? கிட்டத்தில் இருப்பது இவளா? அவர் கண்ணைக் கீழ்வரிக்கு இறக்கினார். கீழ்வரியில் எண்ணே இல்லை. மூன்று கோடுகள் மட்டும் எரிந்தன.

“அப்பிடின்னா என்ன?” என்று கேட்டார், தமக்குத் தெரியாத மாதிரி. கப்பல் இல்லாத வெறும் தண்ணீரைப் பார்க்கும்போது பலகை அந்த மூன்று கோடுகளைத்தான் போடும் என்பது அந்தத் துறைமுகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“கீழ்வரியில ஆள் இல்லைன்னு சொல்லுதுங்க சார்” என்றாள் கோகிலவாணி.

“ஆளு நான் நிக்கேன்லா?”

“நிக்கறீங்க சார்.”

கூட்டத்தில் நின்றவர்கள் நூறு பார்த்திருக்கிறார்கள், இருநூறு பார்த்திருக்கிறார்கள், எதிரெதிராகக் கேஸ் போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிக்கு இருநூற்றுத் தொண்ணூறு வரைக்கும் பார்த்திருக்கிறார்கள். கோட்டில் நிற்கிற மனுசனை இல்லை என்று சொல்லி ஒருதடவையும் பார்த்ததில்லை. கோகிலவாணி ஓடிப்போய்ப் பெட்டியின் கண்ணைத் துடைத்தாள். இரண்டு பேரையும் இடம் மாற்றி நிறுத்தினாள்; கோடுகள் மேல்வரிக்குப் போயின, ஒன்றே கால் மீட்டர் கீழே வந்தது. பழையபடி நிறுத்தினாள், பழையபடி ஆயிற்று. வரிசையில் நின்ற ஒரு புதுஜோடியை நிறுத்திப் பார்த்தாள், நாலு, அஞ்சு, மஞ்சள் என்று ஒழுங்காகச் சொன்னது. மறுபடி ரெமிஜியுஸ் நின்றார். மூன்று கோடுகள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரெமிஜியுஸுக்குக் காதில் ரத்தம் ஏறியது. ஊர் முன்னால் துணியை உருவிவிட்ட மாதிரி இருந்தது. “நான் என்ன செய்யல?” என்று அவர் பலகையைப் பார்த்துக் கத்தினார், பிறகு கூட்டத்தைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து. “மாத்திர யாரு எடுத்துக் குடுத்தா? மதுரைக்கு யாரு கூட்டிட்டுப் போனா? ஒரு செக்கப்பு தவறியிருக்கா? ஒரு வேள தவறியிருக்கா? சொல்லு, இவங்க முன்னால சொல்லு!”

“தவறல” என்றாள் இமாகுலேட். “எல்லாம் செஞ்சீய. மாத்திரயக் கட்டில் ஓரத்துல வச்சிட்டுப் போவீய. பழத்த டப்பாவுல போட்டு வச்சிட்டுப் போவீய. நான் குளிச்சிட்டு வந்தா நீங்க சுவத்தப் பாப்பீய.” அவள் குரல் உயரவில்லை. “நான் தேடாத எடம் இல்ல. நீங்களே சொல்லுங்க. எங்க நிக்கிய?”

அந்தக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பார்.

“கப்பல்ல” என்றார்.

சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று பார்க்கிறவர்போல அவரே திகைத்து நின்றார்.

“எந்தக் கப்பல்ல?”

“உன் ஆபரேஷன் அன்னைக்கு வந்ததுல்லா. ஓரியன் மார்த்தா.” அவர் குரல் தேய்ந்தது. “பத்தரைக்கெல்லாம் கட்டியாச்சு இமா. கயிறெல்லாம் போட்டாச்சு. என் வேல முடிஞ்சிருச்சு. எறங்குறதுக்கு ஏணிப்பக்கம் வந்தேன். கீழ நம்ம ஆபீஸ் ஆளு ஒருத்தன் கையில போனோட நிக்கான். சேதி சொல்லத்தான் நிக்கான்னு தோணிச்சு. நல்ல சேதின்னா அவன் மேல ஏறி வந்திருப்பான்லா, ஏன் கீழயே நிக்கான்? திரும்பிப் போயி கேப்டன் ரூம்ல உக்காந்துட்டேன். காப்பி குடுத்தான். இன்னொண்ணு குடுத்தான். சாயங்காலம் வர அங்கதான் இருந்தேன். நீ கண்ணு முழிச்சு என்னக் கேட்டப்ப நான் கட்டின கப்பல்ல சும்மா உக்காந்திருந்தேன். பெறவு எறங்கிட்டேன்னுதான் நெனச்சேன். சத்தியமா எறங்கிட்டேன்னுதான்…”

இமாகுலேட் அதுவரை வேலை, காய்ச்சல், ஆள் இல்லை என்று நம்பியிருந்தவள். அவள் முகம் அறை வாங்கினது மாதிரி ஒருதரம் திரும்பி, பிறகு நேராயிற்று.

“அந்தக் கப்பல் இப்ப எங்க நிக்கி?” என்று கேட்டாள், அவரை இல்லை, பொதுவாக.

கப்பல் வரவு போக்கைப் பார்க்கும் சிக்னல் டவர் மரியதாஸ் கூட்டத்தில் இருந்தான். தெரிந்ததைச் சொல்லியே பழகியவன், இடம் பொருள் பார்க்காமல் சொல்லிவிட்டான். “ஓரியன் மார்த்தாவா? அத உடைச்சாச்சே அக்கா. பழசாயிருச்சுன்னு போன வருசமே கரையில ஏத்தி, துண்டு துண்டா வெட்டி, இரும்புக்குப் போட்டாச்சு.”

“உடைச்சாச்சா?” என்றார் ரெமிஜியுஸ்.

“ஆமா சார். ஒண்ணும் மிச்சமில்ல.”

அப்போது நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வார்கள்: சமதரையில் நின்ற மனுசர் உயரத்திலிருந்து விழுகிறவர் மாதிரி விழுந்தார். இல்லாத கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார், அது இல்லை. இல்லாத படியில் காலை வைத்தார், அதுவும் இல்லை. முட்டி மடங்கித் தரையில் வந்து உட்கார்ந்து, வாய்விட்டு, வெட்கமில்லாமல், ஊர் பார்க்க அழுதார். அந்த நிமிசம் கீழ்வரியில் மூன்று கோடுகளும் அணைந்தன. அணைந்த இடத்தில் ஒரு எண் விழுந்தது, பலகையால் காட்டக்கூடிய கடைசி எண். பக்கத்தில் வேகம் விழுந்தது. சிவப்பு எரிந்தது, எரிந்தது மட்டுமில்லை, விட்டு விட்டு மின்னியது.

“வாராரு!” என்று யாரோ அலறினார்கள். கட்டுக்கடங்காமல் கப்பல் வரும்போது கரையில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் ஜனம் செய்தது. பிள்ளைகளை வாரிக்கொண்டு பின்னால் ஓடியது. ரெமிஜியுஸ் எழுந்து, கண்மண் தெரியாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பாய்ந்தார்.

இமாகுலேட் நகரவில்லை. வந்தவருடைய நெஞ்சில் ஒரு கையை ஊன்றி நிறுத்தினாள். மூன்று வருசத்தில் அவர்கள் தொட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“நில்லுங்க” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். “இந்த வேகத்துல வந்தா நான் உடைஞ்சிருவேன். எனக்கு இன்னும் புண்ணு இருக்கு. நீங்க இப்பச் சொன்னதுல அது புதுசா ஒருதரம் கிழிஞ்சிருக்கு.”

“போகாத இமா.”

“பேச்சு மாறக்கூடாதுன்னு சொன்னேன்லா?”

அவர் அவளைப் பார்த்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு முழுசாகப் பார்த்தார், ஒட்டிப்போன இடது பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு குனிந்து பெட்டியை எடுத்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. போகவேண்டாம் என்று அவளிடம் சொல்வதற்குப் பலபேர் வாயெடுத்தார்கள். கிட்டத்தில் இருக்கிறவள் அவள்தானே, அனுசரிக்கச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அன்றைக்கு ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

அவர் பெட்டியை டிக்கியில் வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

“மணப்பாட்டுக்கு பஸ் இருக்கு” என்றாள். “கார எடுத்துக்கிட்டு ஓடி வராதீய. பஸ்ல வாங்க. அது எல்லா ஊர்லயும் நின்னு நின்னுதான் வரும்.”

கார் போனது. கேட்டைத் தாண்டி, உப்பளத்து வளைவையும் தாண்டி மறைந்த பிறகும், கோட்டில் ஆளே இல்லாமல் நாலாம் தளத்தில் மேல்வரி ஒன்றே கால் மீட்டரிலேயே நின்றதைப் பார்த்துக் கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். கீழ்வரியில் எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது. சிவப்பு மஞ்சளாயிற்று. சார், திரும்பிப் பாருங்க, போர்டைப் பாருங்க என்று ஜனம் கூப்பாடு போட்டது.

ரெமிஜியுஸ் திரும்பவில்லை. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலோடு ஓடிவந்த பேச்சிமுத்துவிடம், மணப்பாட்டு பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்தும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.